சுரண்டைக் கண்ணும் குற்றாலப் புல்லும்

பேப்பரில் மூன்று படங்கள் வந்திருந்தன. ஹைகோர்ட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் மூன்று நீதிபதிகள். சென்னையில் சட்டம் படிக்கும் என் மகள் விடுமுறைக்குத் தென்காசி வந்திருக்கிறாள். படங்களுக்குக் கீழே போட்டிருந்ததை வாசித்துக் காட்டினாள். ஒருவருக்கு அப்பாவும் வக்கீல், மாமனாரும் வக்கீல். இன்னொருவர் சீமையில் படித்துவிட்டு வந்தவர். மூன்றாமவர் பெரிய வக்கீல் ஒருவரிடம் ஜூனியராக இருந்து, பிறகு அரசாங்க வக்கீல் ஆனவர். மூன்று பேருமே சென்னையைத் தாண்டித் தொழில் செய்ததில்லை.

"இதுல ஒருத்தராவது வயல்ல எறங்கியிருப்பாங்களாம்மா?" என்று கேட்டுவிட்டு, அவளாகவே தொடர்ந்தாள். "நான் சின்னப் பிள்ளையா இருக்கையிலே நம்ம கூஜா வக்கீலை ஜட்ஜா போடப் போறாகன்னு ஊரெல்லாம் பேச்சா இருந்துதே. அப்புறம் ஏன் போடலை?"

"எனக்கென்னட்டி தெரியும்" என்றேன்.

எனக்குத் தெரியும். கையிலிருந்த காப்பி தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டேன். பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது.

கூஜா வக்கீல் என்று ஊர் கூப்பிட்ட அவர் தென்காசி முன்சீப் கோர்ட்டில் வக்கீல். பிறந்தது சுரண்டைப் பக்கம். ஐம்பது வயதிருக்கும் அப்போது. ஒல்லியான, உயரமான மனிதர். கறுப்புக் கோட்டு முழங்கையில் வெளுத்திருக்கும். நடக்கும்போது தரையைப் பார்த்துக்கொண்டே நடப்பார். எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவர் போல இருக்கும்.

நிலத் தகராறு வந்தால் கோர்ட்டு ஒரு வக்கீலைக் கமிஷனராகப் போடும். அவர் நேரில் போய் இடத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுத வேண்டும். வெயிலில் அலைகிற வேலை என்பதால் பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்த வக்கீல்கள் தலையில்தான் அதைக் கட்டுவார்கள். இவர் இருபத்தைந்து வருஷம் தொழில் செய்த பிறகும் அந்த வேலையைக் கேட்டு வாங்கிச் செய்தார். வாதாடுவதைவிட அவருக்கு அதுதான் பிடிக்கும்.

இடம் பார்க்கப் போகும்போது கையில் ஒரு பித்தளைக் கூஜா இருக்கும். அதில் அவர் வீட்டுத் தண்ணீர். வாதி வீட்டுத் தண்ணீரும் குடிக்க மாட்டார், பிரதிவாதி வீட்டுத் தண்ணீரும் குடிக்க மாட்டார். ஒருமுறை புளியறை அருகே ஒரு தோப்பில் கூஜா சாய்ந்து தண்ணீர் முழுக்கக் கொட்டிவிட்டதாம். இரண்டு பக்கமும் இளநீரைச் சீவி வைத்துக்கொண்டு கெஞ்சியிருக்கிறார்கள். மூன்று மைல் நடந்து போய், ரோட்டோரக் கடையில் சோடா வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து அளந்தாராம்.

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வயலுக்குள் இறங்குவார். எல்லாம் பார்த்து முடிந்ததும் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து அங்கேயே ரிப்போர்ட்டை இங்கிலீஷில் எழுதுவார். எழுதியதை இரண்டு கட்சிக்காரர்களுக்கும் தமிழில் வாசித்துக் காட்டுவார். சட்டத்தில் அப்படி ஒன்றும் கிடையாது. வேறு கமிஷனர்கள் யாரும் செய்ததும் இல்லை. வாசித்து முடித்துப் பேனாவை மூடாமல் இரண்டு பக்கத்தையும் பார்த்துக் கேட்பார்: "நான் பாக்காதது எதாவது உண்டா?"

பதில் வந்த பிறகுதான் கையெழுத்துப் போடுவார்.

கோர்ட்டில் வக்கீல்கள் உட்காரும் பார் ரூமில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். என் வக்கீல் பருத்த உடம்புக்காரர், ஆள் போல நடித்துக் காட்டுவதில் கெட்டிக்காரர். அவர்தான் எனக்கு இதெல்லாம் சொன்னது. "டீச்சர், அவரு பெண்டாட்டி சமைச்சுப் போட்டாக்கூட, சாப்பிட்டு எந்திரிக்கையிலே 'நான் பாக்காதது எதாவது உண்டா'ம்பாராம். 'ரசம் இருக்கு'ன்னு அந்தம்மா சொல்லணுமாம்."

அந்த வருஷம் ஆனியில் முதல் சாரலுக்கு ஹைகோர்ட்டு ஜட்ஜ் ஒருவர் குற்றாலம் வந்து பங்களாவில் தங்கினார். தென்காசி வக்கீல்கள் எல்லோரும் பழக்கூடையும் பூமாலையுமாகப் போனார்கள். இவர் போகவில்லை. வருஷம் முழுக்கக் கூஜா தூக்கும் ஒரே ஆள் அன்றைக்கு மட்டும் தூக்கவில்லை என்று பார் ரூமில் ஒரே சிரிப்பு. மறுநாள் ஜட்ஜே ஆள் அனுப்பி வரவழைத்தார்.

என் வக்கீல் அப்போது கூட இருந்தார். ஜட்ஜ் அருவியில் குளித்துவிட்டு, எண்ணெய் போகாத தலையோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தாராம். "நீர்தானா அது? உம்முடைய ரிப்போர்ட்டைப் படித்தால் என் காலில் சகதி ஒட்டுகிறது" என்றாராம். வாய்க்கால் வழக்குகள் அங்கே அப்பீலில் வரும்போது பெஞ்சில் இருக்கும் யாருக்கும் மடை என்றால் என்ன, மறுகால் என்றால் என்ன என்று தெரிவதில்லை. வரைபடத்தை நேராகப் பிடிப்பதா தலைகீழாகப் பிடிப்பதா என்பதே சந்தேகம். உம்மைப் போல ஒருவர் எங்களோடு உட்கார வேண்டும் என்று சொல்லிக் காப்பி கொண்டுவரச் சொன்னாராம்.

இவர் காப்பியைத் தொடவில்லை. "மன்னிக்கணும். ஐயா முன்னால அப்பீல் ஒண்ணுல என் ரிப்போர்ட் நிக்குது" என்றாராம்.

வராந்தாவில் நின்ற வக்கீல்களுக்கெல்லாம் மூச்சு நின்றுவிட்டது. ஜட்ஜ் மட்டும் தொடையில் தட்டிச் சிரித்தார். உள்ளூர் வக்கீல் ஒருவரை ஹைகோர்ட்டுக்கு எடுத்தால் என்ன குடிமுழுகிவிடும், நீரே சொல்லும் என்று கேட்டார். அதற்கு இவர் சொன்ன பதிலை என் வக்கீல் எனக்கு நின்று, கையைக் கட்டி, அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினார்.

"முழுகாதுய்யா. ஆனா நான்தான் வரணும்னு இல்ல. அங்கன ஒரே மாதிரி ஆளா உக்காந்தா ஒரே மாதிரி தப்பாத்தான் வரும். ஒருத்தர் தப்பை இன்னொருத்தர் பாக்கணும்னா, அவரு வேற ஊர்ல நடந்தவரா இருக்கணும்."

அதற்குப் பதினைந்து நாள் கழித்து, ஆடியில், அவர் என் வயலுக்கு வந்தார்.

என் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் கணவர் இறந்தபோது மகளுக்கு நாலு வயது. எனக்குப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை. தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியில் அவர் விட்டுப்போன ஒன்றரை ஏக்கர். அதற்குக் குளத்து மடையிலிருந்து தண்ணீர் வரும், ஆனால் கடைசி வயல் என்பதால் ஒரு போகத்துக்குத்தான் காணும். மேல்வயல்காரர் வரப்பை ஒட்டி ஒரு ஓடை வந்தால் இரண்டாம் போகமும் எடுக்கலாம். ஒரு பங்குனியில், அவர் மகள் கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்த நேரம் பார்த்து, நாலு ஆளை வைத்து அவர் நிலத்தில் ஓடையை வெட்டிவிட்டேன். மறு வருஷம் அவர் ஓடையின் வாயில் மண்ணைப் போட்டு அடைத்தார். நான் கோர்ட்டுக்குப் போனேன். அது என் மாமனார் காலத்து ஓடை என்று பிராதில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

பிள்ளைக்காகத்தான் செய்தேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். எனக்கு ஒன்று ஆகிவிட்டால் இவள் என்ன செய்வாள் என்ற பயம் தவிர வேறு நினைப்பே அந்த வருஷங்களில் எனக்குக் கிடையாது.

அன்றைக்கு நல்ல சாரல். ஓடையில் முழங்கால் அளவு தண்ணீர். சாரலில் எந்தப் பள்ளத்திலும் தண்ணீர் ஓடும். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடைக்குள்ளேயே நடந்தார். மேல்வயல் அண்ணாச்சி கரையில் கூடவே ஓடினார்.

"ஐயா, இது போன வருஷத்துக்கு முந்தின வருஷம் வெட்டினதுய்யா. இந்த டீச்சரம்மா ஆள் வச்சு வெட்டுனாக. ஊரே சொல்லும்."

"ஊர் சொல்லுததைக் கோர்ட்டுல வந்து சொல்லச் சொல்லுங்க அண்ணாச்சி. எனக்குக் கண்ணுக்குத்தான் வேலை, காதுக்கு இல்ல."

இரண்டு கரையிலும் புல் அடர்ந்து கிடந்தது. அவர் குனிந்து ஒரு பிடி புல்லைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். வரவில்லை. வேர் அப்படி இறங்கியிருந்தது. இன்னொரு இடத்தில் இழுத்தார். அங்கேயும் வரவில்லை. தலையை ஆட்டிக்கொண்டார்.

புளிய மரத்தடியில் குடையைப் பிடித்துக்கொண்டு எழுதினார். வாசித்துக் காட்டினார். கரையில் உள்ள புல்லின் அடர்த்தியையும் வேரின் ஆழத்தையும் பார்க்கும்போது ஓடை பத்து வருஷத்துக்குக் குறையாத பழமை உடையது என்று அதில் இருந்தது. பிறகு பேனாவை மூடாமல் நிமிர்ந்தார்.

"நான் பாக்காதது எதாவது உண்டா?"

"பாத்ததெல்லாம் சரிதான்யா. பாக்காததுதான் நெறைய" என்றார் அண்ணாச்சி, கையை உதறிக்கொண்டு.

அவர் என் பக்கம் திரும்பினார். "டீச்சர்?"

"ஒண்ணுமில்லய்யா. எல்லாம் பாத்தாச்சு" என்றேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டுக் கூஜாவைத் திறந்து ஒரு மடக்கு குடித்தார். என் கிணறு பத்தடி தூரத்தில் இருந்தது.

தை பிறந்ததும் தென்காசி முழுக்க அந்தப் பேச்சு வந்துவிட்டது. ஜட்ஜ் சொன்னதை மறக்கவில்லை, பெயர் மேலே போயிருக்கிறது, அவரைப் பற்றி விசாரிக்கிறார்கள் என்றார்கள். காய்கறிக் கடையில்கூட அதே பேச்சு. "நம்ம முன்சீப் கோர்ட்டு வாசல்ல நின்ன ஆளு ஹைகோர்ட்டுல உக்காரப் போறாரு வே! இனி வாய்க்கால் கேஸை மெட்ராஸ்காரன் கண்ணை மூடிக்கிட்டு எழுத முடியாது" என்று ஒருவர் சொன்னதை என் காதால் கேட்டேன். கூஜா வக்கீல் என்று கேலி செய்த வக்கீல்களே அவரைக் கண்டால் எழுந்து நின்றார்கள். கேலிக்கு நடுவிலும் அவர்களுக்கு அது தங்கள் எல்லோருக்கும் கிடைக்கப்போகும் மரியாதையாக இருந்தது. சென்னை வக்கீல்கள் இவர்களை ஒரு பொருட்டாக நினைத்ததே இல்லை. இவர் ஒருவர் போனால் அந்தக் கதவு திறந்துவிடும் என்று நம்பினார்கள்.

பங்குனியில் என் வழக்கில் தீர்ப்புச் சொல்ல நாள் குறித்திருந்தது. ரிப்போர்ட் நம் பக்கம் இருக்கிறது, கவலைப்படாதீர்கள் என்று என் வக்கீல் சொல்லியிருந்தார். தீர்ப்புக்கு மூன்று நாள் முன்பு மத்தியானம் பள்ளிக்கூடத்துக்கே ஆள் அனுப்பினார். போனபோது அவர் முகம் கறுத்திருந்தது.

"அந்த மனுஷனுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு டீச்சர். தன் ரிப்போர்ட்டே தப்புன்னு தானே கோர்ட்டுல மனுப் போட்டிருக்காரு."

நடந்தது இதுதான். என் வயலுக்குப் பக்கத்து ஊரில் வேறொரு வழக்குக்காக இடம் பார்க்கப் போயிருக்கிறார். அங்கே ஒரு வாய்க்கால் கரையில் அதே போலப் புல் அடர்ந்து கிடந்திருக்கிறது. இழுத்துப் பார்த்தால் வரவில்லை. "இது எத்தனை வருஷத்து வாய்க்கால்?" என்று கேட்டிருக்கிறார். அந்த வாய்க்காலின் வயதைப் பற்றி அங்கே தகராறே இல்லை. "போன சித்திரையிலே வெட்டினதுய்யா. ஒரு சாரல் பட்டாப் போதும், இங்கன புல்லு இப்படித்தான் மொளைக்கும்" என்று இரண்டு கட்சியும் ஒன்றாகச் சொல்லியிருக்கின்றன.

அங்கிருந்து நேராக என் ஓடைக்கு நடந்திருக்கிறார். பங்குனி வெயிலில் ஓடை காய்ந்து கிடந்தது. கையாலேயே அடிமண்ணைத் தோண்டிப் பார்த்திருக்கிறார். பழைய ஓடையென்றால் ஒரு சாணுக்காவது வண்டல் படிந்திருக்க வேண்டும். விரற்கடை கூட இல்லை.

"நேத்து முழுக்க நாங்க நாலு பேரு அவரு காலைப் பிடிக்காத குறைதான். 'ரெண்டு மாசம் பொறுங்க, ஆர்டர் வந்திரும், அதுக்கப்புறம் என்ன மனு வேணும்னாலும் போடுங்க'ன்னோம். 'ரெண்டு மாசத்துக்குள்ள தீர்ப்பு நாள் இருக்கே வே'ங்காரு. இது உமக்கு மட்டுமா, நம்ம எல்லாருக்கும்லா வாசல் அடைஞ்சு போகும்னோம். கூஜாவைத் தூக்கிட்டுப் போயிட்டாரு."

மறுநாள் கோர்ட்டில் கூட்டம் தாங்கவில்லை. நானும் போயிருந்தேன். அவர் சாட்சிக் கூண்டில் ஏறி நின்றார். அவரை விசாரிக்க எழுந்த என் வக்கீல் என்னைவிட அதிகமாக வேர்த்திருந்தார்.

"இருபத்தைஞ்சு வருஷமா நிலம் பாக்கிறவர் நீங்க. புல்லைப் பாத்து வயசு சொல்லத் தெரியாதா?"

"சுரண்டைப் புல்லுக்குச் சொல்லுவேன். எங்க ஊர் காய்ஞ்ச ஊரு. அங்க வேர் அவ்வளவு ஆழம் போகப் பத்து வருஷம் ஆகும். சுரண்டைக் கண்ணாலே குத்தாலத்துப் புல்லைப் பாத்துட்டேன்."

கோர்ட்டே சிரித்தது. முன்சீப்பும் சிரிப்பை அடக்கிக்கொண்டார். இவர் சிரிக்கவில்லை.

"இன்னொரு தப்பும் இருக்கு. மூணு நாளைக்கு முன்னால ரெண்டு கட்சிக்கும் நோட்டீஸ் கொடுக்காம அந்த இடத்துக்குப் போயிட்டேன். அதனாலே அன்னைக்கு நான் பாத்ததையும் கோர்ட்டு எடுத்துக்கிட வேண்டாம். வேற ஆளைப் போடணும். இந்தப் பக்கத்து ஊர்க்காரரா இருந்தா நல்லது."

அடுத்து என்ன சொல்லுவார் என்று எனக்குத் தெரியும். எதையும் விடாமல் சொல்கிற மனிதர் அவர். 'டீச்சரிடம் கேட்டேன், இல்லையென்றார்கள்' என்று அந்த வாயிலிருந்து ஒரு வரி வந்தால் போதும். பொய்ப் பிராது, பொய்ச் சாட்சி, பள்ளிக்கூட வேலை, எல்லாம் என் கண் முன்னால் வந்தன. மகள் அப்போது வகுப்பில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன்.

"வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா?" என்று முன்சீப் கேட்டார்.

அவர் தரையைப் பார்த்தார்.

"இல்லை" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

வேறு கமிஷனரைப் போட்டு, சாரலுக்கு முன்னால் மறுபடி பார்வையிட உத்தரவானது. அவர் வரும்வரை நான் காத்திருக்கவில்லை. வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டேன். நல்ல மனசு வந்து செய்ததாக யாரும் நினைக்க வேண்டாம், பயத்தில்தான் செய்தேன். வெட்டிய அதே நாலு ஆளைக் கொண்டு ஓடையைத் தூர்த்தேன். அண்ணாச்சி வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா மிதிச்சு விடச் சொல்லுங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னார்.

ஆர்டர் வரவே இல்லை. அந்த மனுவால்தானா என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. விசாரித்தவர்களிடம் யாரோ அந்தப் புல் கதையைச் சொல்லிச் சிரித்ததாகப் பார் ரூமில் பேச்சு. அந்த இடத்துக்குச் சென்னை வக்கீல் ஒருவர் வந்தார். கூஜா வக்கீல் என்ற பெயர் போய்ப் புல்லு வக்கீல் என்ற பெயர் அவருக்கு வந்தது. அவர் அடுத்த வாரமே இன்னொரு கமிஷனுக்குக் கிளம்பிவிட்டார். ஒரே ஒரு மாற்றம், என் வக்கீல் சொன்னது: அதன் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் முதல் வேலையாக அங்கே புல் எப்படி முளைக்கும் என்று விசாரிப்பாராம்.

மூன்று வருஷம் கழித்து ஒரு சித்திரையில் அவரை மறுபடி பார்த்தேன். நான் வயலில் இருந்தேன். இலஞ்சிப் பக்கம் எங்கோ போகிறவர், கூஜாவோடு ரோட்டில் நடந்து வந்தார். நான் வரப்பில் ஓடிப்போய் வழியை மறித்தது போல நின்றேன்.

"ஐயா, அன்னைக்கு நீங்க கேட்டப்போ நான் பொய் சொன்னேன்."

"தெரியும் டீச்சர்."

"கோர்ட்டுல ஏன் சொல்லலை?"

நிழலுக்கு ஒதுங்கி நின்றார். "கமிஷனருக்குக் கண்ணுக்குத்தான் வேலைன்னு ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். அண்ணாச்சி சொன்னதைக் காதுல போட்டுக்கிடலை. நீங்க சொன்னதைப் போட்டுக்கிட்டேன். டீச்சர் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்னு ஒரு நெனப்பு. அதுவும் சுரண்டைக் கண்ணுதான். அந்தத் தப்பு என் கணக்கு, உங்க கணக்குல எப்படி எழுதுதது?"

நான் அழுதுவிட்டேன். அவருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"உங்களுக்குக் கிடைக்க இருந்தது என்னாலே போயிட்டுதே ஐயா."

"போனது போகட்டும். ஆனா ஒண்ணு. மெட்ராஸ்ல உக்காந்திருக்கிறவரு இந்தத் தப்பைச் செஞ்சிருக்க முடியாது. போய்ப் பாத்தவன்தான் செய்ய முடியும். நான் ஒருத்தன் அங்க போயிருந்தாலும் சுரண்டைக் கண்ணாலேதான் எல்லாத்தையும் பாத்திருப்பேன். பக்கத்துல குத்தாலத்துக்காரன் ஒருத்தன் வேணும், கடற்கரைக்காரன் ஒருத்தன் வேணும். உங்களை மாதிரி வயலும் பள்ளிக்கூடமுமா அலைஞ்ச ஒரு பொம்பளையும் வேணும். அப்பதான் ஒருத்தர் புல்லை ஒருத்தர் பிடிச்சு இழுப்பாக." சொல்லிவிட்டு முதல் முறையாகச் சிரித்தார். "மக எப்படிப் படிக்கா?"

"நல்லாப் படிக்கா."

தலையாட்டினார். பிறகு வயலைப் பார்த்தார். தூர்த்த இடம் இப்போது சமமாகி, அதன் மேலும் புல் மண்டிக் கிடந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தவர், கிணற்றடிக்குப் போனார். கூஜாவின் மூடியைத் திருகிக் கழற்றி, அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீரைத் தென்னங்கன்றுக்கு ஊற்றினார்.

"கேஸ் முடிஞ்சிட்டுல்லா? ஒரு வாளி இறைச்சு ஊத்துங்க டீச்சர்."

இறைத்து ஊற்றினேன். கூஜா நிறைந்தது. அங்கேயே நின்று ஒரு வாய் குடித்தார். மூடியைத் திருகிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, இலஞ்சி ரோட்டில் நடந்து போனார்.

மகள் கூடத்தில் இன்னும் அந்தப் பேப்பரை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறாள். அடுக்களையில் உட்கார்ந்து எழுதிய இந்தத் தாள்களை அவளிடம் கொடுக்கப் போகிறேன். அன்றைக்குப் புளிய மரத்தடியில் அவர் கேட்டதற்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்தான் இது. கொஞ்சம் நீளமாகிவிட்டது.